அக்காவை எனக்குத் தெரிந்திருக்கலாமாம்

நைட்டி விற்பதற்காகத்தான் என் மகள் எனக்குப் போனில் அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தாள். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று தையல் மெஷின் போட்டிருக்கிறேன். நானும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து தைக்கிறோம். படம் எடுத்துப் போட்டால் நாலு ஊரிலிருந்து ஆர்டர் வரும் என்றாள் மகள். வந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் ஒரு ஆர்டரும் வருவதற்கு முன்னால், கணக்குத் திறந்த அன்றைக்கே, என் அக்காவின் முகம் வந்து நின்றது.

'உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே வரிசையாகப் படங்கள். முதல் படமே அவள்தான். உங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர்கள் இத்தனை பேர் என்று ஒரு கணக்கு வேறு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே பாயில் படுத்து, அவள் தலைப் பேன் எனக்கும் என் தலைப் பேன் அவளுக்குமாக வளர்ந்தவர்கள் நாங்கள். அவளை எனக்குத் தெரிந்திருக்கலாமாம். தெரியாமலென்ன? நன்றாகத் தெரிந்துதானே இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்தேன்.

படத்துக்குக் கீழே இரண்டு பொத்தான். ஒன்றில் 'சேர்' என்று இருந்தது, இன்னொன்றில் 'நீக்கு' என்று இருந்தது. நீக்கு என்பதை அழுத்தினேன். அக்கா போய்விட்டாள். அவள் இருந்த இடத்துக்குச் சேத்தூரில் தையல் பொருள் கடை வைத்திருக்கிறவர் வந்தார்.

சண்டை என்னவென்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். என் மகளின் கல்யாணப் பத்திரிகைதான் காரணம். எங்கள் பக்கம் பத்திரிகை வைப்பது என்றால் சும்மா காகிதத்தை நீட்டுவதில்லை. புருஷன் பெண்டாட்டி ஜோடியாகப் போக வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், அதன் மேல் பத்திரிகை. சாமிக்கு வைத்த கையோடு பிறந்த வீட்டு மூத்தவர்களுக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் வீட்டுப் படி ஏற வேண்டும். எங்களுக்கு அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உடன்பிறந்த ஆண் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட அக்காதான் எனக்குப் பிறந்த வீடு. முதல் பத்திரிகை அவளுக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அச்சகத்துக்காரர் அடிப்பதற்கு முன்னால் மாதிரி ஒன்றைப் போனுக்கு அனுப்பினார். அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. என்ன செய்தேன், அப்படியே தூக்கிச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டேன். பேரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் எழுதினேன். பத்து நிமிஷத்தில் குரூப் முழுக்க வாழ்த்தும் பூங்கொத்தும் கைகூப்பும். ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது, பல வருடமாக எட்டிப் பார்க்காதது எல்லாம் கல்யாணத் தேதியைப் பார்த்துவிட்டது. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக அக்காவும் பார்த்தாள். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. நம்ம அக்காதானே என்ற நினைப்பு.

நாலு நாள் கழித்து, அடித்த பத்திரிகையோடு நானும் வீட்டுக்காரரும் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனோம். தேரடிக்கு அந்தப் பக்கம், மாடியில் வீடு. வா என்றாள். அத்தானும் வந்து உட்கார்ந்தார். தாம்பாளத்தை நீட்டினேன். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்க வேண்டியவள், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"அதான் செல்லுலயே ஊரோட சேத்து எனக்கும் வச்சிட்டியே. பொறவு எதுக்கு இந்த வெயில்ல வந்திய?"

"அக்கா, அது பிழை பாக்கப் போட்டதுக்கா."

"அம்மா உசுரோட இருந்தா அவளுக்கும் செல்லுலதான் அனுப்பியிருப்பியாட்டி?"

ஒரு தடவைக்கு மேல் தணிந்து பேச எனக்கு வராது. அது என் பிறவிக்குணம். "எம்புட்டு தடவ சொல்றது? வரணும்னா வா, வராட்டிப் போ" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார், உதறினேன். தாம்பாளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். பத்திரிகை வைக்கப்போன வீட்டிலிருந்து பத்திரிகையோடு திரும்பி வந்தவள் எங்கள் சாதிசனத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அவள் கல்யாணத்துக்கு வரவில்லை. தாலி கட்டி முடிகிற வரைக்கும் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், சரிதான் போ என்று மனசை மூடிவிட்டேன். முதல் வருடம் சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் தூது போனார்கள். "அவ பேச்ச எங்கிட்ட எடுக்காதிய" என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நான் ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் எடுக்கவில்லை. நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அக்கா குரூப்பிலிருந்தும் விலகிவிட்டாள். விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஆப் ஒன்றுதான். நீக்கிவிட்டால் பத்து நாள் சும்மா இருக்கும். பிறகு மறுபடியும் அவளைக் கொண்டுவந்து நிறுத்தும்.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் இருந்தாள். கோயம்புத்தூரில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. இதை வாங்கு, இதையும் பார் என்று கடைக்காரர்களுக்காகச் சிபாரிசு செய்கிற ஏற்பாடுதான் அவள் ஆபீஸில் செய்கிறார்களாம். அவளிடம் கேட்டேன்.

"ஏட்டி, இது ஏன் திரும்பத் திரும்ப அவளையே கொண்டாந்து காட்டுது?"

"அது ஒரு வழியா மட்டும் பாக்காதும்மா" என்றாள் மகள். "உன் போன்ல பெரியம்மா நம்பர் இருக்கு, அவங்க போன்ல உன் நம்பர் இருக்கு. அது சொந்தக் கோடு. உங்கிட்ட நைட்டி வாங்குற வில்லிபுத்தூர்க்காரங்க பெரியம்மாவுக்கு அடுத்த தெரு. அது ஒரு கோடு. பெரியம்மா வேலை பாக்குற வ. புதுப்பட்டி ஸ்கூல் டீச்சர் உன் படத்துக்கெல்லாம் லைக் போடுறாங்க. அது வேற கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எடை உண்டு. எல்லாத்தையும் கூட்டிப் பாக்கும். இம்புட்டு கோடு இருந்தும் இவங்க ரெண்டு பேரும் சேரலையேன்னு சேத்துவைக்கப் பாக்கும்."

"சண்டைக்கு ஒரு கோடு கிடையாதா?"

"கிடையாது. பேசாதவங்களும் அறியாதவங்களும் அதுக்கு ஒண்ணுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு படித்தவர்கள் செய்த மெஷினுக்கு, எங்கள் தெருவில் நண்டுசிண்டுக்கெல்லாம் தெரிந்தது தெரியவில்லை. ஆனால் மகள் அடுத்துச் சொன்னதில் சிரிப்பு போய்விட்டது. "நீ ஒருத்தங்க பக்கத்துக்கு அடிக்கடி போயிப் பாத்தாலும் அது ஒரு கோடுதாம்மா. அப்ப உன்னையும் அவங்களுக்குக் காட்டும்" என்றாள்.

என் முகம் என்ன ஆனதோ, அவள் கவனிக்கவில்லை, பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நான் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீக்கு என்று அழுத்துவேனே தவிர, மத்தியானம் மற்ற இரண்டு பெண்களும் சாப்பிடப் போன பிறகு, அக்கா பேரைத் தேடி எடுத்து அவள் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அவள் சத்துணவு அமைப்பாளர். முட்டை போடுகிற நாளில் பிள்ளைகள் வரிசையில் தட்டோடு நிற்கிற படம் போடுவாள். அவள் மகள் காலேஜ் முடித்த படம் போட்டிருந்தாள். பேருக்குப் பக்கத்தில் அவள் வைத்திருந்த சொந்தப் படம் எங்கள் சித்தப்பா மகன் கல்யாணத்தில் எடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்ற படம் அது. என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் வைத்திருந்தாள். ஆனால் ஒழுங்காக வெட்டத் தெரியவில்லை. அவள் தோளில் என் கை நாலு விரலோடு அப்படியே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் கோபம் வரும். பிறகு செத்த நேரம் கழித்து அழுகை வரும்.

நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்துவிடும் என்றதும் உடம்பெல்லாம் கூசியது. என் படம் அவள் போனில் போய் நிற்கும், பாரு, வந்துட்டா என்று நினைப்பாள். அந்தத் தோல்வி எனக்கு வேண்டாம் என்று அன்றோடு பார்ப்பதை நிறுத்தினேன். இன்றைக்கு அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்திருந்தால், முட்டை போடுகிற படங்கள் நின்றுபோனதையாவது கவனித்திருப்பேன். அவள் வேலைக்குப் போகவில்லை என்று தெரிந்திருக்கும்.

பார்ப்பதை நிறுத்தினேனே ஒழிய, நீக்குவதை நிறுத்தவில்லை. ஆப்பைத் திறந்தால் ஆர்டர் பார்ப்பதற்கு முன்னால் அவள் படம் வந்து நிற்கிறதா என்று தேடுவதுதான் முதல் வேலை, வாசல் தெளிக்கிற மாதிரி. அவள் முகம் தெரிந்தால் போதும், கண் மற்றதைப் படிப்பதற்குள் விரல் போய் நீக்கு மேல் விழும். நமக்கு யாராவது நட்புக் கேட்டு அனுப்பினாலும் அதே பக்கத்தில்தான் வரும். அதே மாதிரிப் படம், அதே மாதிரி இரண்டு பொத்தான். மெஷின் தானாகக் காட்டினால் 'சேர்' என்று இருக்கும். ஆள் கேட்டு அனுப்பியிருந்தால் 'ஏற்றுக்கொள்' என்று இருக்கும். நீக்கு இரண்டிலும் உண்டு. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

நாங்கள் பேசாமல் ஆறு வருடம் ஓடிவிட்டது. போன ஆவணி மாதம் ஒரு காலையில், சொந்தக்காரர்கள் குரூப்பில் அக்காவின் படம் வந்தது. தோளில் என் கை இருக்கிற அதே படம். கீழே, இன்று காலை இயற்கை எய்தினார், அடக்கம் மாலை நாலு மணி என்று எழுதியிருந்தது. நான் மெஷினில் இருந்தேன். தைத்துக்கொண்டிருந்த துணி ஊசியில் மாட்டியபடி நிற்க, எழுந்து வெளியே வந்தேன். எதற்கு வெளியே வந்தேன் என்று தெரியவில்லை.

நல்ல காரியம் என்றால் எங்களில் அழைத்தால்தான் போக வேண்டும். கெட்ட காரியத்துக்கு யாரும் அழைக்க வேண்டாம், காதில் விழுந்தாலே கிளம்பிவிட வேண்டும். செத்துப்போனவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்துப் போக என்னைத் தவிர ஆள் இல்லை. கடையில் எந்தக் கலர் என்று கேட்டார்கள். அவளுக்கு இப்போது எந்தக் கலர் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பச்சையை எடுத்துக்கொண்டு அந்த மாடிப்படியை ஏறினேன். அவளை நடு வீட்டில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கை கால் குச்சியாக, முகம் மட்டும் வீங்கி, நிறம் செத்துக் கிடந்தாள். சிறுநீரகம் இரண்டும் போய் ஒன்றரை வருடமாக டயாலிசிஸ் செய்து வந்தாளாம். அங்கே இருந்த அத்தனை சொந்தக்காரர்களுக்கும் அது தெரிந்திருந்தது. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று என் சித்தப்பா மகனிடம் கேட்டேன். அவன், "நீதானக்கா பேச்ச எடுக்கக் கூடாதுன்ன" என்றான். அவன் மேல் குற்றமில்லை. கோடியைப் போர்த்தும்போது, அக்கா என்று கூப்பிட்டேன். ஆறு வருடத்தில் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அத்தான் உள்ளே படுத்திருந்தார். அக்கா மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் அவள் அம்மாவின் போன் இருந்தது.

"சித்தி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கோவிச்சுக்கிறாதிய."

"கேளு தாயி."

"அம்மா உங்களுக்கு மூணு தடவ ரிக்வெஸ்ட் குடுத்துச்சு. மூணையும் நீக்கிட்டிய."

எப்போது என்று கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள். சிறுநீரகம் கெட்டுப்போச்சு என்று டாக்டர் சொன்ன வாரம் ஒன்று. டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு ஒன்று. போன ஆடியில், தேர் முடிந்த வாரம் ஒன்று. ஒவ்வொரு தடவையும் அனுப்பிவிட்டு, பதில் வந்திருக்கிறதா என்று போனை எடுத்து எடுத்துப் பார்ப்பாளாம். நான் நீக்கியதும் என் படத்துக்குக் கீழே மறுபடியும் 'சேர்' என்று வந்துவிடுமாம்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே தாயி."

"நீங்க எடுக்காம விட்டுட்டா என்ன செய்யன்னு பயம். இதுல குடுத்தா அவ யோசிச்சு மெதுவா அழுத்துவான்னு சொல்லுச்சு. உங்க படம் அம்மா செல்லுல வந்துக்கிட்டே இருக்கும் சித்தி. பாருட்டி, இந்த மெஷினுக்குக்கூடத் தெரியுது நாங்க ஒண்ணுன்னு சிரிக்கும்."

"ஒரு தடவ நேர்ல வந்திருக்கலாமே" என்று கேட்டேன்.

"கடைசி நாலு மாசம் படி எறங்க முடியல. கால் ரெண்டும் அப்படி வீங்கிரும். ஆஸ்பத்திரி போற அன்னைக்கு நானும் அப்பாவும் சேர்ல உக்காத்தி வச்சுத் தூக்கி எறக்குவோம். செல்லு ஒண்ணுதான் அம்மா கையில."

அந்த மாடிப்படியை நான் பார்த்தேன். பதினாலோ பதினைந்தோ படிதான் இருக்கும்.

அக்கா மகள் போனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நீங்க பாக்காமத்தான அழுத்துனிய, சித்தி?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரரிடமும் மகளிடமும் நான் இதைச் சொன்னதில்லை. முதல் இரண்டு தடவையும் சத்தியமாக எனக்குத் தெரியாது. அவள் முகம் தெரிந்ததும் விரல் தானாகப் போயிருக்கும். மூன்றாவது அப்படி இல்லை. தேர் முடிந்த வாரம், மத்தியானம், பாபினில் நூல் ஓடிக்கொண்டிருந்தது, கை சும்மா இருந்தது. திறந்து பார்த்தேன். பொத்தானில் 'ஏற்றுக்கொள்' என்று இருந்தது. நன்றாகப் படித்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். அக்கா கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, வேறென்ன. அந்தச் சந்தோஷத்தோடேயே எனக்குக் கொழுப்பும் ஏறியது. நேரில் வந்து வைக்கவில்லை என்று பத்திரிகையை வாங்காதவள், இப்போது செல்லில் கேட்கிறாளோ? அன்றைக்கு எனக்கு ஒரு நியாயம், இன்றைக்கு அவளுக்கு ஒரு நியாயமோ? நேரில் வரட்டும், என் வாசல் ஏறி வரட்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நீக்கு என்பதை அழுத்தினேன்.

அவள் வருவாள் என்றுதான் அழுத்தினேன். அன்றிலிருந்து வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பேன். வந்தால் என்ன பேசுவது என்று கூட யோசித்து வைத்திருந்தேன். முதலில் கொஞ்சம் முறுக்கிக்கொள்வது, பிறகு காபி போடுவது. மூன்று வாரம் அப்படி எட்டிப் பார்த்தேன். நாலாவது வாரம் குரூப்பில் அவள் படம் வந்தது.

அக்கா மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது கண் சிவந்திருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஆமா தாயி" என்றேன். "பாக்காமத்தான் அழுத்திட்டேன்."

அவளுக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அம்மாவும் அதத்தான் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. கடைசித் தடவகூடச் சொல்லுச்சு. அவளுக்குச் செல்லு பாக்கத் தெரியாதுட்டி, தெரிஞ்சா எனக்கு இப்படிச் செய்ய மாட்டான்னு."